பராக்கு

சென்ற தவணையின் நடுவில் எங்கள் பாடசாலையில் பெற்றோர் கூட்டம் ஒன்று நடந்தது. ஆரம்பப் பிரிவுக்குப் பொறுப்பானவன் என்ற வகையில் என்னைப் பேசச் சொன்னார்கள். பேசவேண்டிய விடயம், பிள்ளைகளும் கைத்தொலைபேசியும். இரண்டு பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டு போயிருந்தேன். கண்ணுக்குக் கேடு, தூக்கத்துக்குக் கேடு, படிப்புக்குக் கேடு என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, வீட்டில் போனைப் பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள் என்று முடிக்கும் தறுவாயில் பின்வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்தார். அரைப்பேரோடு மலையிலிருந்து இறங்கி வந்தவர். தலையில் கட்டிய துணியை அவிழ்க்கக்கூட அவருக்கு நேரம் இருந்திருக்காது.

“சேர், போன புடுங்கிட்டா புள்ள வீட்டுல என்னா செய்யும்? அன்னைக்கு நீங்கதானே வாங்கச் சொன்னீங்க?”

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். ஏதோ பதிலும் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது இப்போது நினைவில்லை. உண்மையான பதிலாக இருந்திருந்தால் நினைவில் நின்றிருக்கும். அன்று மாலை புசல்லாவைக் கடைத்தெருவில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது அந்தத் தாய் கேட்டவை இரண்டு கேள்விகள் என்பது மெல்ல உறைத்தது. பிள்ளை வீட்டில் என்ன செய்யும் என்பது ஒன்று. இதைச் சொல்ல உங்களுக்கு என்ன தகுதி என்பது மற்றது. இரண்டாவதற்கு முகம் கொடுக்காமல் முதலாவதற்குப் போவது நேர்மையாகாது.

அவர் சொன்னது உண்மை. 2020 மார்ச் நடுப்பகுதியில் கொரோனா காரணமாக நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. இடையிடையே திறப்பதும் மூடுவதுமாக இழுபட்டு, ஆரம்பப் பிரிவு வகுப்புகள் 2021 அக்டோபரில்தான் ஒழுங்காக மீளத் தொடங்கின. அந்த ஒன்றரை ஆண்டில் பிள்ளையை வட்ஸ்அப் குழுவில் சேருங்கள், சூம் வகுப்புக்கு அனுப்புங்கள் என்று வீடு வீடாகச் சொன்னவர்கள் நாங்கள். போன் இல்லாத வீட்டாரிடம், எப்படியாவது ஒன்று வாங்குங்கள் என்றோம். காதுத் தோட்டை அடகு வைத்து வாங்கியவர்கள் உண்டு. சீட்டுப் பணத்தைக் கழிவோடு முன்கூட்டியே எடுத்தவர்கள் உண்டு. ஊவா மாகாணத்தில் பொஹிட்டியாவ என்ற கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டு வழியே நடந்து, பாறையிலும் மரத்திலும் ஏறியிருந்து பாடம் படித்த படம் 2021இல் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டோம். எங்கள் மலைகளிலும் தேயிலைக்குள் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு கோடு சிக்னலுக்குக் காத்து நின்ற பிள்ளைகள் இருந்தார்கள்.

பிறகு 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி, ஆசிரியர்களாகிய நாம் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினோம். கோரிக்கை நியாயமானது, அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பாடம் நின்றபோது போன் நிற்கவில்லை. நகையை ஈடு வைத்து வாங்கிய பொருளைப் பெட்டிக்குள் பூட்டிவைக்க யாருக்கு மனம் வரும்? பாடம் வராத போனில் மற்றவை எல்லாம் வந்தன. கதவைத் திறந்துவிட்டவர்கள் நாங்கள். மூடாமலே இறங்கிப் போனவர்களும் நாங்கள்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கூட்டத்துக்கான குறிப்பை நான் எழுதிய இரவு, என் ஏழு வயது மகன் மேசையைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். “வாப்பா இங்க பாருங்களே, வாப்பா இங்க பாருங்களே” என்று சேர்ட்டைப் பிடித்து இழுத்தான். எழுத்து ஓடவில்லை. போனை எடுத்துக் கையில் கொடுத்தேன். வீடு அடங்கிவிட்டது. கைத்தொலைபேசியின் தீமைகளைப் பற்றி ஒரு மணித்தியாலம் நிம்மதியாக எழுதினேன்.

அவன் அன்று போனைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டான். இது விளங்க எனக்கு இரண்டு வாரமும் ஒரு கொழுந்துக்காரத் தாயின் கேள்வியும் தேவைப்பட்டன.

எமது பேச்சு வழக்கில் பராக்கு என்றொரு சொல் உண்டு. சோறு உண்ண மறுக்கும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, காகத்தைக் காட்டி, நிலவைக் காட்டி, பாதையில் போகும் பஸ்ஸைக் காட்டி, வாய் திறக்கும் நேரம் பார்த்து ஒரு பிடி ஊட்டிவிடுவதைப் பராக்குக் காட்டுதல் என்போம். ஆகவே பிள்ளையின் கவனத்தைத் திருப்பிக் காரியம் பார்ப்பது இந்தக் காலத்துத் தாய்மார் கண்டுபிடித்த தந்திரமல்ல. காகத்தைக் காட்டினால் பாசம், கார்ட்டூனைக் காட்டினால் பாவமா என்று யாராவது கேட்டால் அதை அலட்சியப்படுத்த முடியாது. வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று நாம்தான் சொல்லவேண்டும்.

காகம் பறந்துவிடும். நிலவு முகிலுக்குள் போய்விடும். பராக்கு தானாகவே தீர்ந்துபோகும். தீர்ந்ததும் பிள்ளை திரும்பிப் பார்ப்பது காட்டியவரின் முகத்தைத்தான். போனிலோ ஒரு படம் முடியுமுன்பே அடுத்தது தானாகத் தொடங்கும்படி செய்து வைத்திருக்கிறார்கள். பறக்காத காகம் அது. இவ்வளவும் எல்லோரும் சொல்வதே. எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. பராக்குக் காட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும். ‘அந்தா பார்’ என்று நீளும் விரலும், விரல் போகும் திசையில் போகும் குழந்தையின் கண்ணும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. ஒரு பொருளை இருவர் சேர்ந்து பார்க்கிறார்கள். பிள்ளைக்குப் பேச்சு வருவது அந்த இடத்தில்தான் என்பதை முதலாம் தரத்துக்குக் கற்பித்த எவரும் அறிவர். போன் வந்தபின் காட்டுபவருக்கு அங்கே வேலையில்லை. கொடுத்துவிட்டு எழுந்து போய்விடலாம். உண்மையைச் சொன்னால், எழுந்து போவதற்காகவே கொடுக்கிறோம்.

திரைதான் குற்றவாளி என்று ஒரேயடியாகத் தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாமலிருப்பதும் இதனால்தான். இலங்கைக்குத் தொலைக்காட்சி 1979இல் வந்தது; 1982இல் ரூபவாஹினி ஆரம்பமானது. எண்பதுகளின் பிற்பகுதியில் எங்கள் தெருவில் ஒரு முதலாளி வீட்டில் மட்டும் பெட்டி இருந்தது. நாங்கள் இருபது பேராவது தரையில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒருவன் காலை ஒருவன் மிதிப்பான், சண்டை வரும். விளம்பரம் போகும்போது கதையைப் பற்றி வாக்குவாதம் நடக்கும். சிங்களம் விளங்கியவன் விளங்காதவனுக்குச் சொல்லிக்கொடுப்பான்; நான் சிங்களம் பழகியதில் பாதி அந்தத் தரையில்தான். திரை அப்போதும் இருந்தது. ஆனால் அங்கே யாரும் தனியாக இருக்கவில்லை.

இப்போதைய உதாரணம் ஒன்று. எங்கள் பாடசாலையில் ஐந்தாம் தரத்தில் ஒரு பையன். உம்மா மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண். உம்மும்மாவோடு இருக்கிறான். இரண்டு நாள் வராததால் விசாரிக்கப் போனேன். குசினிக்குள் அவன் மாப் பிசைந்துகொண்டிருந்தான். போன் மா டின்னில் சாய்த்து நிறுத்தப்பட்டிருந்தது. திரையில் அவன் உம்மா. “இன்னும் கொஞ்சம் தண்ணி தெளி மகன்... வட்டமா வராட்டிப் பரவாயில்ல, தட்டு... இப்ப பொறட்டு, கருகப் போகுது” என்று அங்கிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். ரொட்டி கருகித்தான் போயிற்று. இருவரும் சிரித்தார்கள். அவனுடைய கையிலிருந்து போனைப் பறித்துவிடுங்கள் என்று நான் எந்த வாயால் சொல்வது? அந்த உம்மா கடல் கடந்து வந்து அடுப்படியில் நின்றார். நானோ நான்கடி தூரத்தில் இருந்துகொண்டே என் மகனுக்கு இல்லாமற்போனேன்.

அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைரைப் பற்றிய நபிமொழி பலரும் அறிந்தது. அந்தச் சிறுவர் வளர்த்த குருவி இறந்து, அவர் வாடியிருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அந்தக் குருவியைப் பற்றி அவரிடம் விசாரித்தார்கள். இந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து அறிஞர்கள் பல சட்டங்களையும் பயன்களையும் எடுத்துக்காட்டியுள்ளனர். அவ்வளவு ஆழத்துக்குப் போக எனக்கு அறிவில்லை. அத்தனை பொறுப்புகளுக்கிடையிலும் அந்தப் பிள்ளையிடம் ஒரு குருவி இருந்தது அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதே எனக்குப் போதும். நம் பிள்ளையின் குருவி எது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் தமது இஹ்யாவில் இதை ஒட்டிய கருத்தொன்றைச் சொல்கிறார்கள். பாடம் முடித்து வந்த பிள்ளையை நல்ல விளையாட்டில் ஈடுபட விடவேண்டும். விளையாட்டைத் தடுத்து ஓயாமல் படிப்பிலேயே வாட்டினால் உள்ளம் செத்து, அறிவு மழுங்கி, தப்பிக்கும் உபாயத்தைத் தேடும் என்பது அதன் சாரம். 1111இல் மறைந்த ஒருவர், புலமைப்பரிசில் பரீட்சைக்காக மூன்று இடத்தில் டியூசனுக்குப் போகும் நமது பிள்ளைகளைப் பார்த்தது போலல்லவா எழுதியிருக்கிறார்! தப்பிக்கும் உபாயத்தை அக்காலத்துப் பிள்ளை தேடவேண்டியிருந்தது. இன்று அது தலையணைக்குக் கீழேயே இருக்கிறது.

இனி முதலாவது கேள்விக்கு வருவோம். போன் இல்லாவிட்டால் பிள்ளை வீட்டில் என்ன செய்யும்?

சத்தம் போடும். இதுதான் நேரான விடை. பிள்ளையின் சந்தோஷத்துக்குச் சத்தம் உண்டு, அழுக்கு உண்டு, உடைவு உண்டு. நாம் போனில் வாங்குவது படத்தையோ பாட்டையோ அல்ல. இந்த மூன்றும் இல்லாத ஒரு வீட்டைத்தான். “புள்ள இருக்குற எடமே தெரியல்ல” என்று பாராட்டாகச் சொல்கிறோம்.

லயத்தில் இது வெறும் சோம்பலின் விளைவன்று. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. நடுச்சுவர் இரு வீட்டுக்கும் பொது. பெக்டரியில் இரவு வேலை முடித்து வந்தவர் பகலில் மறுபக்கம் படுத்திருப்பார். இந்தப் பக்கம் இரண்டு பிள்ளைகள் துள்ளி விளையாடினால் அவர் தூக்கம் போகும். தூக்கம் போனால் அடுத்த நாள் பேர் போகும். அங்கே பிள்ளையிடம் போனைக் கொடுத்து உட்கார்த்துவது அயலவருக்குச் செய்யும் மரியாதையும்கூட. இதை அறியாமல் மேடையில் நின்று உபதேசம் செய்வது சுலபம், நானே செய்திருக்கிறேன். கடைத்தெருப் பக்கத்து எங்கள் வீடுகளுக்கு அந்த நியாயம் இல்லை. அறை இருக்கிறது, முற்றம் இருக்கிறது. ஆனால் ஹோலுக்குள் ஓடாதே, சோகேஸ் கண்ணாடி உடையும். டைல்ஸில் மாவைக் கொட்டாதே. விருந்தாளி வந்திருக்கிறார், அறைக்குள் போ. வீடு பெருக்கப் பெருக்கப் பிள்ளைக்குரிய இடம் சுருங்கிப்போவதை இந்த இருபது வருடத்தில் கண்ணால் கண்டேன்.

2022ஆம் ஆண்டின் மின்வெட்டு எல்லோருக்கும் நினைவிருக்கும். எரிபொருள் வாங்க நாட்டில் டொலர் இல்லை. மார்ச் மாத முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் இருளில் இருந்தோம். போன் சார்ஜ் இறங்கிவிடும். சற்று நேரத்தில் சிக்னலும் போய்விடும். மகள் அப்போது மூன்றாம் தரம். முதல் இரண்டு இரவும் அவள் பட்ட பாடு சொல்லமுடியாது. எழுந்தாள், இருந்தாள், தம்பியைக் கிள்ளினாள். மூன்றாம் நாள் மெழுகுதிரி வெளிச்சத்தில் சுவரில் விழுந்த தன் கை நிழலைக் கண்டாள். நாய், மான், கொக்கு என்று அது வளர்ந்து, ஒரு கிழமையில் துணி காயப்போடும் கயிறும் பழைய வெள்ளைச் சாரமும் வைத்து நிழற்கூத்தே நடந்தது. இதைக் கேட்டதும், போனை அணைத்தால் போதும், கற்பனை தானாகப் பொங்கும் என்று முடிவு கட்டிவிடுவோர் உண்டு. அவசரப்படவேண்டாம். கொப்பி திருத்த எனக்கும் வெளிச்சம் இல்லை என்பதை மறக்கக்கூடாது. நானும் அந்தச் சாரத்தின் முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தேன். மின்சாரம் திரும்பிய அன்று முதலில் எழுந்து போனது மகள் அல்ல, நான்.

எனது சிறுவயதை எண்ணிப் பார்க்கிறேன். வாப்பாவுக்குச் சில்லறைக் கடை. பழைய வீரகேசரியையும் தினகரனையும் கிழித்துச் சுருள் சுற்றுவது பிள்ளைகளின் வேலை. செத்தல் மிளகாய்க்குப் பெரிய சுருள், வெந்தயத்துக்குச் சின்னச் சுருள். சுற்றுமுன் வாசிப்பேன், பாதிக் கதை ஒரு சுருளில் போய்விடும், மீதியைக் கற்பனை செய்வேன். பின்னாளில் எழுத வந்ததற்கு அதுவே காரணம் என்று பெருமையாகச் சொல்வது என் வழக்கம். இதில் கொஞ்சம் பொய்யும் கலந்திருக்கிறது. கை வலித்தது, சலிப்பாக இருந்தது, சத்தம் போட்டால் அடி விழுந்தது. அந்தக் காலம் பொற்காலமல்ல. ஆனாலும் ஒன்று உண்மை. நான் சுற்றிய சுருளில் சனம் சாமான் வாங்கிக்கொண்டு போனது. வீட்டுக்கு நான் வேண்டியவனாக இருந்தேன். இன்று பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் வாங்கிக் கொடுக்கிறோம், குசினிக்குள் விடுவதில்லை. அரிசியில் கல் பொறுக்கவும் ரொட்டி தட்டவும் கொச்சிக்காய்க் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றவும் ஏழு வயதுக்கு எவ்வளவு ஆசை! அரை மணி வேலையை ஒன்றரை மணியாக்கிவிடும் என்பதால்தான் விரட்டுகிறோம்.

கொட்டகலையில் ஆசிரியர் பயிற்சி பெற்ற நாட்களில் ‘எளிய சாதனங்கள்’ என்று நிறையச் செய்து புள்ளி வாங்கினோம். அவற்றில் பெரும்பாலானவை அலுமாரிக்குள் தூசு படிந்தன. பிற்பாடு இந்தியாவின் அரவிந்த் குப்தாவைப் பற்றி அறிந்தபோதுதான் அதில் உயிர் இருப்பது தெரிந்தது. பொறியியல் படித்தவர், வீசியெறியும் பொருட்களால் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் செய்வதையே வாழ்க்கையாக்கிக்கொண்டவர், 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். சைக்கிள் வால்வு டியூபைச் சிறு துண்டுகளாக வெட்டி, நெருப்புக்குச்சிகளை அவற்றில் பொருத்தி உருவங்கள் செய்வது அவர் காட்டிய வழிகளில் ஒன்று. பெற்றோர் கூட்டத்துக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, மருந்து உரசிய குச்சிகளோடு மகனின் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான்கு குச்சியில் சதுரம் செய்தான். அழுத்தினால் சாய்ந்தது. “இது சரியில்ல வாப்பா” என்றான். மூன்று குச்சியில் செய்தான், அசையவில்லை. சதுரத்துக்குக் குறுக்கே ஒரு குச்சி வைக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க அவனுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. குச்சி குறுக்கே போவதற்கு நீளம் போதாமல் அழுதான், இரண்டை ஒட்டினான். என் வாயில் விடை இருந்தது. சொல்லாமல் இருந்ததுதான் அன்று நான் செய்த மிகக் கடினமான வேலை. மறுநாள் அவன் லயன் கூரையைப் பார்த்து, “வாப்பா, அந்த மரத்துலயும் மூணு மூணா ஈக்கி” என்றான்.

பிள்ளைக்குச் சலிப்பு வரும் என்பதைக் கண்டு நாம் நடுங்குகிறோம். “என்ன செய்ற வாப்பா, ஒன்டும் செய்ய இல்லையே” என்று சிணுங்கும் அந்த முதல் அரை மணித்தியாலத்தைத் தாங்கினால் போதும். அதற்கப்பால் மேசை கவிழ்ந்து வள்ளமாகும், குடை பாயாகும். அரை மணித்தியாலத்தைத் தாங்க முடியாதவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள்தான்.

இவ்வளவும் வீட்டில் ஒரு பெரியவர் இருக்கும் வீடுகளுக்கு. அந்தத் தாயின் வீட்டில் யார் இருக்கிறார்? பாடசாலை ஒன்றரைக்கு விடுகிறது. கொழுந்து நிறுத்து, சாக்கை இறக்கி, அவர் லயத்துக்கு வர ஐந்து மணியாகும். அந்த மூன்றரை மணித்தியாலம் பிள்ளை தனியே. மழை மாதங்களில் வெளியே இறங்கவும் முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டல் வெளியிட்டது. இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளை ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை முன் உட்காரலாகாது என்றது. அவுஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல், 16 வயதுக்குக் குறைந்தவர்கள் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதைச் சட்டத்தால் தடுத்தது. நல்ல காரியங்கள்தான். ஆனால் ஒன்றரைக்கும் ஐந்துக்கும் இடையில் அந்தக் காம்பராவுக்குள் யார் உட்காருவது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பக்கத்தில் இருங்கள் என்று நான் அவருக்கு உபதேசித்தால், கொழுந்து எடுக்காதீர்கள் என்று சொன்னதாக ஆகும்.

ஆகவே என்னால் இயன்ற ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆரம்பப் பிரிவின் கடைசி வகுப்பறையை வாரத்தில் மூன்று நாள் ஐந்து மணிவரை திறந்து வைப்பது. ஆசிரியர்கள் முறை வைத்து உட்காருவது. பாடம் இல்லை, டியூசன் இல்லை. நெருப்புக்குச்சி, பழைய பத்திரிகை, கொஞ்சம் மண், ஒரு பல்லாங்குழி, உடைந்தாலும் கவலையில்லாத சாமான்கள். மூன்று பேர் சம்மதித்திருக்கிறார்கள். நாலாவது சகோதர ஆசிரியர் கடிதத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு, “எல்லாம் சரிதான் நானா, ஆனா சத்தம் போடுவானுகளே” என்றார்.